ராஜா வீட்டு அடுப்பு

காலை ஆட்டாம படுடி பாப்பா. கட்டில் ஆடுது. எனக்கே இன்னும் வண்டி ஓடுற மாதிரிதான் இருக்கு, நீ வேற ஆட்டாதே. இருபத்திரெண்டு நாள் ஸ்டியரிங்கைப் புடிச்ச கை, சும்மா கெடன்னா கெடக்குமா? சரி, ரெண்டு பேருக்கும் தூக்கம் வரல. கதை சொல்றேன். ஆனா ம் கொட்டணும். நீ ம் கொட்டலன்னா தூங்கிட்டேன்னு அர்த்தம். கதையை அந்த எடத்துலயே ஓரங்கட்டி நிறுத்திருவேன்.

ஒரு ஊர்ல ஒரு பஸ்ஸு இருந்துச்சு.

"ம்."

வெள்ளைப் பஸ்ஸு. பக்கவாட்டுல மயில் படம் போட்டது. செம்பனார்கோயில்லேருந்து கெளம்புனா வடநாடு பூரா சுத்திட்டுத்தான் திரும்பி வரும். அந்தப் பஸ்ஸுக்கு ஒரு டிரைவர். ரொம்ப நல்லவன். கெட்டிக்காரன். பாக்கவும் லட்சணமா இருப்பான்.

"நீதானப்பா?"

குறுக்க பேசாதே. கதைல வர்ற டிரைவர் வேற.

அப்புறம் அந்தப் பஸ்ஸுக்கு ஒரு மேனேஜர். சபாபதின்னு பேரு. கழுத்துல ஒரு விசில் தொங்கும். பீ......ப்! காப்பி குடிங்க. பீ......ப்! ஏறுங்க. பீ......ப்! எறங்குங்க. ஒரு எடத்துல பத்து நிமிஷம் நிம்மதியா நிக்க விடமாட்டாரு. அந்த விசிலக் கேட்டாலே டிரைவரு பாதி டீய அப்படியே வச்சுட்டு ஓடுவான்.

அப்புறம் ஒரு சமையக்காரி. அவதான் கதைக்கு ராணி. பேரு தையல்நாயகி. எல்லாரும் தையலக்கான்னு கூப்பிடுவாங்க. ஒல்லியா இருப்பா. ஒரு எடத்துல நிக்கமாட்டா. சாம்பார் கொதிக்கும்போதே தேங்கா துருவுவா, துருவிக்கிட்டே அடுத்த வேளைக்கு அரிசி கழுவுவா. வண்டி ஓடும்போது கூட உக்காரமாட்டா, கம்பியில சாஞ்சுக்கிட்டுப் பூண்டு உரிப்பா. "உக்காருங்கக்கா, பிரேக் அடிச்சா விழுந்துருவீங்க"ன்னு டிரைவர் சொல்லுவான். "நீ பிரேக் அடிக்காம ஓட்டு"ம்பா.

"ம்."

அந்தப் பஸ்ஸு நாலு நாள் ஓடுனா பாலைவனம் வந்துரும். பச்சைன்னு கண்ணுல ஒண்ணும் படாது. மணலு, முள்ளுச்செடி, மறுபடி மணலு. காத்து அடிச்சா விர்ர்ருன்னு மணலு ரோட்டுக்குக் குறுக்க ஓடும். அங்க மூணு ஊரு. ஒரு ஊர்ல வீடெல்லாம் நீலம். ஒரு ஊர்ல கல்லெல்லாம் மஞ்சள். ஒரு ஊர்ல சுவரெல்லாம் ரோஸு. மூணு ஊர்லயும் மலை மேல ஒரு கோட்டை. கோட்டைக் கதவுல ஆளுயரத்துக்கு மேல இரும்பு முள்ளு. எதுக்குத் தெரியுமா? எதிரி யானை வந்து முட்டுனா, நெத்தியில குத்தி ரத்தம் வரட்டும்னு. கோட்டைக்குள்ள அரமணை. அதைப் பாக்கத்தான் இருபத்தெட்டுப் பேரு நம்ம ஊர்லேருந்து தொப்பி மாட்டிக்கிட்டு, மப்ளர் சுத்திக்கிட்டுப் போவாங்க.

அவங்க மலை ஏறுவாங்க. அப்போ தையலக்கா என்ன பண்ணுவா? கீழ, பஸ் நிக்கிற எடத்துல, பஸ்ஸோட நெழல்ல அடுப்பை எறக்குவா. புஸ்ஸ்ஸுன்னு கேஸைப் பத்த வைப்பா. அவங்க அரமணையப் பாத்துட்டு, பசி பசின்னு எறங்கி வரும்போது சோறு ஆவி பறக்கணும். அவங்க சாப்பிட்டுக்கிட்டே பேசுவாங்க. "ராஜாவோட கட்டிலு தங்கமாம்ல!" "அந்தக் கண்ணாடி மண்டபத்துல ஒரு வெளக்கு ஏத்துனா ஆயிரம் வெளக்குத் தெரியுமாம்ல!" தையலக்கா பரிமாறிக்கிட்டே கேட்டுப்பா. சாப்பிட்டுக் கை கழுவுறதுக்குள்ள பீ......ப்! பாத்திரத்தக் கழுவி டிக்கியில போடு, வண்டி கெளம்பிரும்.

இப்படியே பதினோரு வருஷம். பதினோரு வருஷத்துல அவ ஒரு கோட்டைக்குள்ளயும் காலடி எடுத்து வச்சதில்ல.

"ஒரு தடவகூடயா?"

ஒரு தடவகூட. ஆனா ஊர்ல அவளுக்கு ஒரு அம்மா இருந்தா. குஞ்சம்மான்னு பேரு. அந்தக் காலத்துல கல்யாண வீடுகள்ல பேர் போன சமையக்காரி. இப்ப முட்டி போச்சு, கண்ணு மங்கிப் போச்சு, படுத்த படுக்கை. கையி மட்டும் சும்மா இருக்காது, போர்வை நுனிய முறுக்கிக்கிட்டே இருக்கும். தையலக்கா டூர் முடிஞ்சு வந்தா போதும், "உள்ள என்னடி பாத்தே? சொல்லு, சொல்லு"ன்னு தொளச்செடுத்துருவா. தையலக்காவும் சொல்லுவா. தங்கக் கட்டிலு, ஆயிரம் வெளக்கு, ராணி ஊஞ்சலு, ராஜா வாளு. சாப்பிடறவங்க பேசுனதயெல்லாம் சேத்து வச்சுத் தான் பாத்த மாதிரியே சொல்லுவா. ஊஞ்சல் சங்கிலி கிர்ரீச் கிர்ரீச்சுன்னு சத்தம் போட்டுச்சும்மான்னு கூட சொல்லுவா. கெழவி வாயத் தொறந்துக்கிட்டுக் கேப்பா.

போன மார்கழியில ஒரு நாள் கெழவி கேட்டா: "எல்லாஞ் சொன்ன. ராஜா வீட்டு அடுப்பு எப்படி இருந்துச்சுன்னு சொல்லவே இல்லையேடி?"

 பாரேன், பதினோரு வருஷத்துல எத்தன பேரு ஏறி எறங்கியிருப்பாங்க! ஒரு ஆளு அடுப்பப் பத்திப் பேசல. கட்டிலப் பாப்பாங்க, வாளப் பாப்பாங்க, அடுப்ப யாரு பாக்குறா? தையலக்கா அவசரத்துல, "பெரிய அடுப்பும்மா. தங்கத்துல பண்ணது"ன்னுட்டா.

கெழவி கையி முறுக்குறத நிறுத்திருச்சு. "தங்கத்துலயா? எரிய வச்சா உருகிடாதா?"

தையலக்கா தலையணைய எடுத்துத் தட்டுனா.

"நீ உள்ள போகவே இல்ல. அப்படித்தான?"

தையலக்கா தரையப் பாத்துக்கிட்டு நின்னா.

அப்போ கெழவி சொன்னா: "நான் ஆயிரம் கல்யாணத்துக்குச் சமைச்சேன். ஒரு தாலி கட்டுறதப் பாத்ததில்ல. கெட்டிமேளம் கேக்கும், நான் பாயசத்தக் கிண்டிக்கிட்டிருப்பேன். எம் பொண்ணாவது உள்ள போயிப் பாத்துட்டு வர்றாளேன்னு நெனச்சேன். பதினோரு வருஷமா அதத்தாண்டி நெனச்சுக்கிட்டிருந்தேன்." சொல்லிட்டுச் சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா.

அன்னையிலேருந்து பொண்ணோட பேச்சில்ல. வச்ச சோத்தச் சாப்பிடுவா. ஆனா ஒரு வாய் தண்ணி வேணும்னாலும் பக்கத்து வீட்டு ஆளைத்தான் கூப்பிடுவா. தையலக்கா கிட்ட வந்தா முதுகுதான் தெரியும்.

"பாவம்ப்பா."

பாவம்தான். அடுத்த டூர் கெளம்பும்போது தையலக்கா ஒரு முடிவோட வண்டி ஏறுனா. இந்தத் தடவ உள்ள போறேன். அடுப்பப் பாக்குறேன். எங்கம்மா முன்னாடி உக்காந்து பொய் கலக்காம சொல்றேன். மூணு கோட்டை இருக்குல்ல, மூணுல ஒண்ணாவது கெடைக்காதா?

மொத கோட்டை, நீல ஊரு.

விடியறதுக்கு முன்னாடியே எழுந்துட்டா. குளிர்ல பல்லு கிடுகிடுங்குது. டக் டக் டக் டக்னு காய நறுக்கி, காலைப் பலகாரம், மத்தியானச் சோறு, குழம்பு, கூட்டு எல்லாத்தையும் ஒரே மூச்சுல முடிச்சு, அண்டாவ கம்பளியால மூடிட்டா. எல்லாரும் ஏறும்போது முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு அவளும் ஏறுனா. ஏறுனா, ஏறுனா, இரும்பு முள்ளு வச்ச கதவுகிட்டயே போயிட்டா. ஒரு முள்ளத் தொட்டுக்கூடப் பாத்தா. அப்போ ட்ரிங் ட்ரிங்னு போனு.

மேனேஜர் கத்துறாரு: "தையலம்மா! தயிரு ஆடுது!"

"தயிரு ஆடுமாப்பா?"

தோயலடி. பாலாவே இருக்கு. தையலக்கா உறை மோரை ஊர்லேருந்தே ஒரு சின்னத் தூக்குவாளியில எடுத்துட்டு வருவா. தெனம் சாயங்காலம் பால்ல உறை ஊத்தி, அந்தப் பால் பாத்திரத்த டிரைவர் பக்கத்துல, இஞ்சின் மூடி மேல வச்சிருவா. இஞ்சின் சூட்டுல காலையில கத்தி போட்டு வெட்டலாம், அப்படித் தோஞ்சிருக்கும். ஆனா மொத நாள் ராத்திரி பூரா வண்டி ஓடாம நின்னுருச்சு. இஞ்சின் ஜில்லுனு ஆயிருச்சு. அவசரத்துல அத அவ மறந்துட்டா.

நம்ம ஆளுங்களுக்கு எது இல்லன்னாலும் பரவால்ல. பாலைவனத்துக்குப் போனாலும் சரி, நெலாவுக்குப் போனாலும் சரி, கடைசியில தயிர்சாதம் உள்ள போனாத்தான் சாப்பிட்ட மாதிரி. அந்தக் கூட்டத்துல ஒரு பழைய ஹெட்மாஸ்டர் வேற இருந்தாரு. தயிர் இல்லன்னா எலைய விட்டே எழுந்துப்பாரு. தையலக்கா என்ன பண்ணுவா? அந்த இரும்பு முள்ள ஒரு தடவ பாத்தா, மலைய ஒரு தடவ பாத்தா, தடதடதடன்னு எறங்கிட்டா. தெரியாத ஊரு, தெரியாத பாஷை, நாலு கடை ஏறி எறங்கி மண்சட்டியில தயிர் வாங்கிட்டு வந்து சேர்றதுக்கும், எல்லாரும் மலையிலேருந்து எறங்கறதுக்கும் சரியா இருந்துச்சு. ஹெட்மாஸ்டரு ஒரு வாய் போட்டுப் பாத்துட்டு, "புளிப்புக் கம்மி"ன்னாரு.

பீ......ப்!

போச்சா? ஒண்ணு போச்சு.

"ம்."

அப்புறம் வண்டி ஓடுச்சு. சர்ர்ர்ருன்னு நேர் ரோடு. வளைவே கெடையாது. டிரைவருக்குக் கண்ணு சொக்குது, பின்னாடி திரும்பி, "ஏதாவது பேசிக்கிட்டு வாங்கக்கா, தூக்கம் வருது"ன்னான். அப்பத்தான் தையலக்கா இந்த அம்மா கதையச் சொன்னா. சொல்லிட்டு, "எங்கம்மா முதுகு மட்டுந்தாம்ப்பா எனக்கு ஞாபகம் இருக்கு, மொகம் மறந்துருமோன்னு பயமா இருக்கு"ன்னா. டிரைவருக்குத் தூக்கம் போயிருச்சு.

ரெண்டாவது கோட்டை, மஞ்சள் ஊரு.

இந்தத் தடவ தையலக்கா உஷாரு. குழம்பும் வேணாம், தயிரும் வேணாம். புளியோதரை கிண்டி, மந்தாரை எலையில மடிச்சு, நூல் சுத்தி, முப்பத்தொரு பொட்டலம் கட்டிட்டா. ஹெட்மாஸ்டருக்கு மட்டும் தனியா ஒரு டப்பாவுல தயிரு. எல்லாத்தையும் டிக்கியில அடுக்கி, "பாத்துக்கப்பா"ன்னு டிரைவர்கிட்ட சொல்லிட்டு ஏறுனா.

அந்தக் கோட்டை வேற மாதிரி. உள்ள இன்னும் சனங்க குடியிருக்காங்க. சந்து சந்தாப் போவுது. வாசல்ல பொம்பளைங்க பாத்திரம் தேய்க்கிறாங்க, கரகரகரன்னு. தையலக்காவுக்கு அதப் பாத்தே சந்தோஷம் தாங்கல. ஒரு திருப்பம் திரும்புனா. ரெண்டாவது திருப்பம் திரும்புனா. இன்னும் ஒரே திருப்பம், அரமணை வாசல் வந்துரும். ட்ரிங் ட்ரிங்.

இந்தத் தடவ போன் பண்ணது மேனேஜர் இல்ல. டிரைவர்.

"அக்கா..."

"என்னப்பா?"

"ஒட்டகம்க்கா..."

"ஒட்டகம் என்னாச்சு?"

"சாப்பிடுதுக்கா."

டிக்கி எப்படியோ தொறந்து கெடந்துருக்கு. ஒரு ஒட்டகம் கழுத்த உள்ள விட்டு, மொசுக் மொசுக்னு எலை, நூலு எல்லாத்தோடயும் புளியோதரையத் தின்னுக்கிட்டிருக்கு. டிரைவர் வந்து பாக்கும்போது ஏழு பொட்டலந்தான் மிச்சம். வெரட்டுனா அது திரும்பிப் பாத்து, உதட்ட ஒரு பக்கமாத் தள்ளி, ப்ர்ர்ர்ருன்னு டிரைவர் மூஞ்சியில எச்சியத் தெளிச்சுது.

"டிக்கி எப்படிப்பா தொறந்துச்சு?"

தெரியல.

"நீ தொறந்து வச்சிட்டு டீ குடிக்கப் போனியா?"

...ம்.

புளியோதரை சூடா இருந்துச்சுடி. வேத்து வீணாப் போயிரும்னு காத்தாடத் தொறந்து வச்சேன். ரெண்டு நிமிஷம்தான் போனேன். சரி, அஞ்சு நிமிஷம். சரி, நாந்தான் அந்த டிரைவரு, இப்ப என்னங்கிற?

தையலக்கா எறங்கி வந்தா. திட்டல.  அடுப்ப எறக்குனா, புஸ்ஸ்ஸுன்னு பத்த வச்சா, அண்டாவுல தண்ணிய ஊத்துனா. நாலு திட்டு திட்டியிருந்தா எனக்கு நல்லாருந்துருக்கும். வெங்காயம் நறுக்கும்போது அவ கண்ணுல தண்ணி வந்துச்சு. அது வெங்காயத்துனாலன்னு நானா நெனச்சுக்கிட்டேன். நான் ஒட்டக எச்சியத் தொடச்சிட்டு, அவ பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சுக் குடுத்தேன் பாப்பா.

பீ......ப்!

ரெண்டு போச்சு.

"ம். இன்னும் ஒண்ணுதான் இருக்கு."

ஒண்ணுதான் இருக்கு. மூணாவது கோட்டை, ரோஸு ஊரு. அத விட்டா நேரா ஊருக்குத்தான்.

அன்னைக்கு எல்லாமே அவசரம். மேனேஜருக்கு ஊரு போய்ச் சேரணும்னு அவசரம். எல்லாரும் ஓட்ட ஓட்டமா ஏறி, ஓட்ட ஓட்டமா எறங்கிட்டாங்க. தையலக்கா சமைச்சா, பரிமாறுனா, அண்ணாந்து மலைய ஒரு தடவ பாத்தா. அவ ஏறுறதுக்கு நேரமே இல்ல. மணி மூணு. பாத்திரத்தக் கழுவிக்கிட்டிருக்கா. மேனேஜர் விசில வாயில வச்சிட்டாரு.

பீ......ப்! "எல்லாரும் ஏறுங்க!"

ஏறிட்டாங்க. நானும் ஏறி உக்காந்தேன். சாவியத் திருகப் போனேன். கண்ணாடியில பாத்தா, தையலக்கா பின்னாடி வழக்கம் போல நின்னுக்கிட்டிருக்கா. கையில பூண்டு இருக்கு. ஆனா உரிக்கல. சும்மா நின்னுக்கிட்டிருக்கா. அவ சும்மா நின்னு நான் பாத்ததே இல்ல.

நான் சாவிய எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். "சார், வண்டி போகாது"ன்னேன்.

"என்னய்யா ஆச்சு?"

"கிளட்ச் வயரு."

"எவ்ளோ நேரமாகும்?"

"ஒரு மணி நேரம் ஆகும் சார். அவசரப்படுத்தினா ரெண்டு மணி."

"பொய் சொன்னியாப்பா?"

ஆமா. நீ சொல்லக் கூடாது. நான் சொன்னேன். அப்புறம் எறங்கி, பின்பக்கமாப் போய், "அக்கா, ஓடுங்க"ன்னேன். அவளுக்குப் புரியல. "கிளட்ச் நல்லாத்தான் இருக்கு, நீங்க ஓடுங்கக்கா"ன்னேன். கையில இருந்த பூண்ட அப்படியே ஜன்னலோரத்துல ஒரு அம்மா மடியில போட்டுட்டு, எடுத்தா பாரு ஓட்டம்! நான் வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு ஸ்பேனரால சும்மா எதையோ டங் டங்குனு தட்டிக்கிட்டே கெடந்தேன். மேனேஜர் குனிஞ்சு குனிஞ்சு பாக்குறாரு. டங் டங். "ஆச்சா?" டங் டங். "இன்னும் இல்ல சார்."

அங்க தையலக்கா மூச்சு எறைக்க எறைக்க உள்ள போயிட்டா. ஒரு கைடு கூட்டத்த நிறுத்தி வச்சுக் கண்ணாடி மண்டபத்தக் காட்டிக்கிட்டிருக்காரு. எல்லாரும் ஆ ஆங்கிறாங்க. தையலக்கா திரும்பிக்கூடப் பாக்கல. நேரா ஒரு காவக்காரன்கிட்ட போனா. அவளுக்குத் தெரிஞ்ச வடநாட்டு வார்த்தையெல்லாம் காய்கறிக் கடை வார்த்தைதான். "ஆலூ? பியாஸ்?"ன்னா. உருளைக்கிழங்கு, வெங்காயம். அரமணையில வந்து இந்தம்மா வெங்காயம் கேக்குதேன்னு அவன் வாசலக் கையக் காட்டிட்டான்.

இந்தப் பக்கம் ஓடுறா. வாளு. அந்தப் பக்கம் ஓடுறா. பீரங்கி. மேல ஏறுறா. பல்லக்கு. எல்லாம் இருக்கு, அடுப்பு மட்டும் இல்ல. நேரம் போவுது. அரமணையில வழி தெரியாம அவ சுத்துறா சுத்துறா, தலையே சுத்துது.

அப்போ ஒரு முற்றத்துல ஒரு பொம்பளை பெருக்கிக்கிட்டிருக்கா. சரக் சரக். முக்காட்டு நுனியப் பல்லுல கடிச்சுக்கிட்டுப் பெருக்குறா. தையலக்கா அவ முன்னாடி போய் நின்னா. வாயால ஒண்ணும் கேக்கல. ரெண்டு கையாலயும் பெரிய துடுப்பப் புடிச்சு அண்டாவுல கிண்டுற மாதிரி கிண்டிக் காமிச்சா. குனிஞ்சு ஃபூ ஃபூன்னு ஊதிக் காமிச்சா. பெருக்குற பொம்பளை வெளக்குமாத்தக் கீழ வச்சுட்டு, தையலக்கா கையப் புடிச்சுத் திருப்பிப் பாத்தா. முழங்கை வரைக்கும் சூட்டுத் தழும்பு. தலைய ஆட்டிட்டு, வான்னு முன்னாடி நடந்தா.

ஒரு படிக்கட்டு. ஒரு ஆளு ஒருக்களிச்சுத்தான் எறங்க முடியும். இருட்டு. கடைசியில ஒரு சின்னக் கதவு. அந்தப் பொம்பளை இடுப்புல இருந்த சாவிய எடுத்து, கிளிக். கிரீ......ச்.

"அடுப்பா?"

மொதல்ல வெளக்குமாறு. வாளி. பழைய சாக்கு. அத இப்ப சாமான் போடுற எடமா வச்சிருக்காங்க. தையலக்கா வாளிய நகத்துனா, சாக்க நகத்துனா. அப்பத் தெரிஞ்சுது. சுவரோரமா வரிசையா அடுப்பு. ஒண்ணு, ரெண்டு, மூணு... மொத்தம் பன்னெண்டு. மண்ணும் கல்லும் வச்சுக் கட்டுனது. மேல பாத்தா கூரை பூரா கரி. கைய வச்சா கையெல்லாம் கரி. ராஜாவும் இல்ல, ராணியும் இல்ல, கரி மட்டும் போகல.

அப்புறம் அவ ஒரு எடத்துல நிக்கல. முழம் போட்டு அளக்குறா. அடுப்பு வாயி ஒரு முழம். அடுப்புக்கு அடுப்பு ரெண்டு முழம். பொகை போற ஓட்டை எங்க? அண்ணாந்து பாக்குறா, கூரையில மூணு. தண்ணி எப்படி வந்துச்சு? குனிஞ்சு தடவுறா, கல்லுல வாய்க்கா வெட்டியிருக்கு. ஆட்டுக்கல்லு? தரையிலயே பதிச்சிருக்கு, குழி தேஞ்சு வழவழன்னு இருக்கு. வாயில முணுமுணுமுணுன்னு எல்லாத்தையும் மனப்பாடம் பண்றா. போட்டோ எடுக்க அவகிட்ட இருக்கறது பட்டன் போனு. எடுத்தாலும் கண்ணு மங்குன அம்மாவுக்கு என்ன தெரியும்? சொன்னாத்தான் உண்டு.

ஒரே ஒரு ஜன்னல் இருந்துச்சு அங்க. எட்டிப் பாத்தா. அரமணைத் தோட்டம் தெரியல, கண்ணாடி மண்டபம் தெரியல. கீழ பஸ்ஸு நிக்கிற மண்ணுத் தரை தெரிஞ்சுது. பஸ்ஸுக்கு அடியிலேருந்து ரெண்டு காலு நீட்டிக்கிட்டிருக்கு.

"உங்காலு!"

எங்காலுதான். பதினோரு வருஷமா அவ அடுப்ப எறக்கி வச்ச எடத்துக்கு நேர் மேல இந்த அடுப்பு இருந்துருக்கு.  பெருக்குற பொம்பளையோட கையப் புடிச்சு ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டு, எடுத்தா ஓட்டம். தங்கக் கட்டிலப் பாக்கணும்னு அவளுக்குத் தோணவே இல்ல. அதத் தாண்டித்தான் ஓடியிருப்பா.

கரிக் கையோட வந்து ஏறுனா. நான் வெளில வந்து, "ஆச்சு சார்"ன்னேன். பீ......ப்!

"ம்... அப்புறம்?"

தூங்கிட்டியோன்னு பாத்தேன். அப்புறம் நாலு நாள் ஓட்டம். நாலு நாளும் தையலக்கா முணுமுணுத்துக்கிட்டே வந்தா. பன்னெண்டு அடுப்பு, ஒரு முழம் வாயி, மூணு ஓட்டை. எனக்கே மனப்பாடமாயிருச்சு. வழியில எங்கயாவது மறந்துருவாளோன்னு எனக்கு வேற கவலை.

ஊருக்கு வந்ததும் அண்டாவத் தூக்கிக்கிட்டு நானும் அவ வீட்டுக்குப் போனேன். கெழவி சுவத்தப் பாத்துப் படுத்திருக்கா. கையி போர்வைய முறுக்குது.

"அம்மா, உள்ள போனேம்மா"ன்னா தையலக்கா.

முதுகு அசையல.

"அடுப்பப் பாத்தேம்மா."

அசையல. ஆனா கையி முறுக்குறது நின்னுருச்சு.

"எத்தன?"ன்னா கெழவி, சுவத்தப் பாத்துக்கிட்டே.

"பன்னெண்டு."

"மண்ணா, கல்லா?"

"கல்லு வச்சு மண்ணுப் பூசுனது."

"பொகை?"

"மேல மூணு ஓட்டை. இருந்தும் கூரை பூரா கரி."

"ஆட்டுக்கல்லு?"

"தரையிலயே பதிச்சது. முழங்கை ஆழத்துக்குத் தேஞ்சிருக்கு."

 நான் அண்டாவக்கூடக் கீழ வைக்கல, அப்படியே நிக்கிறேன். அப்புறம் கெழவி மெதுவாக் கேட்டா: "சமைக்கிறவங்க உக்காந்து சாப்பிடற எடம் எங்க இருந்துச்சு?"

தையலக்கா கண்ண மூடிக்கிட்டா. மனசுக்குள்ள அந்த அறையச் சுத்தி வர்றா, மூலைக்கு மூலை தேடுறான்னு பாத்தாலே தெரியுது.  ஏதாவது ஒரு மூலையச் சொல்லித் தொலையேன்க்கான்னு நெனக்கிறேன்.

"இல்லம்மா"ன்னா தையலக்கா. "அது மட்டும் அங்க இல்லம்மா."

அப்போ கெழவி கைய ஊனி, முட்டி வலிக்க வலிக்க, இந்தப் பக்கமாத் திரும்புனா. மங்குன கண்ணால பொண்ணு மொகத்தத் தேடிப் புடிச்சா. "இருக்காது. எங்கயும் இருக்காது. நீ உள்ளதாண்டி போயிருக்க"ன்னா.

சொல்லிட்டுக் கட்டில்ல நகந்து எடம் விட்டா. "வா, இப்படி உக்காரு. நீ சாப்பிட்டியா?"

பாப்பா?

ம் கொட்டல. சரி. இஞ்சின் ஆஃப் பண்ணியாச்சு, கதை ஷெட்டுக்குப் போயிருச்சு. தூங்கு.